தீர்த்தம் விட்ட தொட்டி

எங்கள் ஸ்ரீரங்கத்து வீட்டில் சமையலுக்கோ பூஜைக்கோ உதவாத ஒரே செடி அத்தையுடையதுதான். சேப்பங்கிழங்கு இலை போலவே இருக்கும். ஆனால் நடுவில் குங்குமச் சிவப்பு, சுற்றிலும் வெள்ளைப் புள்ளிகள், ஓரத்தில் மட்டும் கொஞ்சம் பச்சை. தெருவில் எல்லோரும் அதைக் குரோட்டன்ஸ் என்றார்கள். "சேம்பா இருந்தாலாவது வறுத்துச் சாப்பிடலாம்" என்பார் அப்பா.

அத்தை அப்பாவின் தங்கை. அவள் கணவரான அத்திம்பேருக்குப் பெங்களூருக்கு மாற்றலானபோது, வீடு பார்த்துவிட்டு அழைத்துப் போவதாகச் சொல்லி அவளை எங்களிடம் விட்டுப் போனார். பிறகு ஒரே ஒரு தடவை வந்தார். அப்போது கொண்டுவந்ததுதான் அந்தத் தொட்டி. "வாடாம பாத்துக்கோ. அடுத்த தடவை வரச்சே பாக்கறேன்" என்று சொல்லிப் போனார். அத்தை அதைப் பரீட்சையாகவே எடுத்துக்கொண்டாள். முற்றத்தில் வெயில் ஏற ஏறத் தொட்டியை நிழலுக்கு நகர்த்துவாள். ஈரத்துணியால் இலைகளைத் துடைப்பாள். நான் கிட்டே போனால், "கை பட்டா கன்னிப்போயிடும்டி, அவர் வந்து கேப்பார்" என்பாள்.

மார்கழியில் இலைகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. தை பிறந்தபோது வெறும் மண்தான் இருந்தது.

"போனாப் போறது, விடு" என்றாள் அம்மா. அத்தை விடவில்லை. அப்பா சாளக்கிராமத்துக்குத் திருமஞ்சனம் செய்து, எல்லோருக்கும் தீர்த்தம் கொடுத்தபின், மிச்சத்தைத் துளசியில் சேர்ப்பது வழக்கம். அத்தை அதைக் கேட்டு வாங்கி, கிணற்றுத் தண்ணீரோடு கலந்து, சொம்பு நிறையத் தொட்டியில் விட ஆரம்பித்தாள். வெறும் தண்ணீர் என்றால் அப்பா தடுத்திருப்பார். பெருமாள் தீர்த்தத்தை வேண்டாமென்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

நான் பள்ளிக்கூடம் கிளம்பும்போது அத்தை என்னைக் கூப்பிடுவாள். "உனக்குத்தான் கண்ணு நன்னாத் தெரியும். முளை ஏதாவது தெரியறதா பாரு."

இல்லை என்று சொல்லக் கூச்சமாக இருக்கும். "நாளைக்கு வந்துடும் அத்தை" என்பேன்.

பங்குனியில் தொட்டி நாற்றமெடுத்தது. அப்பா குச்சியால் கிளறினார். கிழங்கு கூழாக வந்தது. அந்த நாற்றத்திலும் தீர்த்தத்தின் பச்சைக் கற்பூரம் லேசாக மணத்தது.

"அழுகிடுத்தும்மா" என்றார் அத்தையிடம்.

"ஒருநாள்கூட விட்டுப்போகலையே, அண்ணா. நான் தூரமாகி மூணு நாள் ஒதுங்கி இருந்தப்பகூட மன்னியை விடச் சொன்னேனே" என்று அம்மாவைப் பார்த்தாள் அத்தை.

இலை போனபின் அதற்குத் தண்ணீரே விடக்கூடாது, கிழங்கு மண்ணுக்குள் தூங்கிக் கிடந்து மழைக்குத் தானே எழும் என்று, இத்தனை காலம் கழித்து, போன வருஷம்தான் கே.கே. நகரில் அதே செடியை விற்ற ஒருவர் சொன்னார். வாங்காமல் வந்துவிட்டேன். அத்திம்பேர் பெங்களூரில் வேறு குடித்தனம் வைத்திருந்ததும் எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அப்போதே தெரியும். அத்தைக்கு எப்போது தெரிந்தது என்று இன்றும் எனக்குத் தெரியாது.

அன்றைக்கு நான் ஆறுதலாகத்தான் சொன்னேன்: "அத்திம்பேர் வரச்சே வேற செடி வாங்கிண்டு வரச் சொல்லலாம் அத்தை."

அப்பா குச்சியைப் போட்டுவிட்டு உள்ளே போனார். அம்மா என் தலையில் நறுக்கென்று குட்டினாள். அத்தை தொட்டியைக் கழுவிக் கவிழ்த்தாள்.

மறுநாள் காலை தொட்டி நிமிர்ந்து பழைய இடத்தில் இருந்தது. வெயில் ஏறியதும் அத்தை வந்து அதை நிழலுக்கு நகர்த்தினாள். உள்ளேதான் ஒன்றுமில்லையே, எதற்கு நகர்த்துகிறாள் என்று புரியாமல், குட்டு வாங்கிய இடத்தைத் தடவிக்கொண்டு நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.