வண்டியாண்ட நிற்கிற ஜெயசீலன்

ஜெயசீலனுக்குப் பெண் பார்த்துக் கொடுத்தவள் நான்தான். அதனால் இதில் நடந்த தப்பில் பாதி என்னுடையது என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். மீதிப் பாதி யாருடையது என்று கேட்டால் பேப்பரை எடுத்து முகத்தை மறைத்துக்கொள்கிறார்.

கரியமாணிக்கத்தில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு ஜெயசீலனுடையது. நடுவே இடுப்பளவுச் சுவர் ஒன்று உண்டு. அவன் பாண்டிச்சேரியில் ஒரு டிராவல்ஸில் டிரைவர். வெள்ளைக் கார், மஞ்சள் போர்டு. ஊட்டிக்குப் போகிறேன் என்பான், நாலு நாள் கழித்து வந்து ராமேஸ்வரம் கிளம்புகிறேன் என்பான். சாது. அதிர்ந்து பேச மாட்டான். தெருவில் தூங்கும் நாயைக்கூட ஹாரன் அடித்து எழுப்பாமல் இறங்கிப் போய்த் தட்டி எழுப்புவான்.

சுகன்யா குருவிநத்தத்துப் பெண். நான் வேலை பார்க்கும் மருந்துக் கம்பெனியில் பேக்கிங்கில் எனக்குப் பக்கத்து இடம் அவளுடையது. மாத்திரை அட்டைகளை எண்ணி டப்பாவில் அடுக்க வேண்டும், எட்டு மணி நேரமும் அதேதான். இருபத்து நாலு வயதில் அவள் பார்த்திருந்த தூரத்து ஊர் வேளாங்கண்ணி ஒன்றுதான். அதுவும் ஆறாம் வகுப்பில், வேனில் வாந்தி எடுத்துக்கொண்டே போய் வந்தது. ஜெயசீலனைப் பற்றி நான் பேச்செடுத்தபோது வீடு எப்படி, மாமனார் எப்படி என்று எதுவும் அவள் கேட்கவில்லை.

"எங்கயாச்சும் இட்டுனு போவாராக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

"அடியே, அவன் பொழப்பே அதாண்டி. அவன் பாக்காத ஊரே கெடையாது" என்றேன். இந்த வாயால்தான் சொன்னேன்.

தை மாதம் நிச்சயம் ஆனது. அடுத்து தவக்காலம் வந்துவிட்டது. தவக்காலத்தில் கோயிலில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். ஈஸ்டர் கழிந்துதான் தேதி கிடைத்தது. அந்த நாலு மாதமும் போன்தான். மத்தியானம் நாங்கள் சாப்பிடும் நேரம் பார்த்துச் சரியாக அழைப்பான். கேன்டீனுக்குப் பின்னால் இருக்கும் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து, நான் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போடுவாள். மறைக்கத் தெரியாத பெண்.

"இப்ப எங்க கீறீங்க?"

"ஊட்டில. கார்டன்ல."

"எப்டி கீது?"

"புல்லு அப்டியே பாய் விரிச்ச மாதிரி கீது சுகன்யா. செருப்ப கழட்டிட்டு நடக்கணும்னு தோணும். ஒரு கண்ணாடி வூடு கீது. அதுக்குள்ள போனா வெளிய குளிருது, உள்ள வேர்க்குது."

இன்னொரு நாள் பிச்சாவரம். படகு மரங்களுக்கு அடியில் நுழையும்போது தலையைக் குனிந்துகொள்ள வேண்டும், இல்லையென்றால் கிளை முகத்தில் அடிக்கும் என்றான். சுகன்யா பெஞ்சில் உட்கார்ந்தபடியே தலையைக் குனிந்தாள். நான் பார்த்தேன். அன்றைக்கு மத்தியானம் நாலு டப்பாவில் அட்டை குறைந்து, சூப்பர்வைசரிடம் அவளோடு சேர்ந்து நானும் திட்டு வாங்கினேன்.

அந்தப் பேச்சுக்கு நடுவே பின்னால் ஒரு சத்தம் கேட்கும். பஸ் பின்னால் எடுக்கும்போது வருமே, அந்தக் கீங் கீங் சத்தம். "வா வா வா, லெப்ட்டு ஒடி" என்று யாரோ கத்துவார்கள். பூந்தோட்டத்துக்குள் பஸ் எதற்கு ரிவர்ஸ் எடுக்கிறது என்று எனக்கும் உறைக்கவில்லை, அவளுக்கும் உறைக்கவில்லை.

கல்யாணம் முடிந்து வந்த முதல் லீவு நாளில் சுண்ணாம்பாறு படகுத் துறைக்கு அவளை பைக்கில் கூட்டிப் போனான். வீட்டிலிருந்து முக்கால் மணி நேரம். கல்யாணத்தன்று வைத்ததைவிட அதிகமாக மல்லியைத் தலையில் வைத்துக்கொண்டு போனாள். அங்கே போய் வரிசையில் நின்று டிக்கெட் வாங்கினான். ஒரே ஒரு டிக்கெட். அதை அவள் கையில் கொடுத்து, "போய்ட்டு வா, நா வண்டியாண்ட நிக்கிறேன்" என்றான்.

வண்டிக்குப் பக்கத்தில் நிற்க என்ன இருக்கிறது? அது கார்கூட இல்லை, பைக். அதில் ஹெல்மெட் ரெண்டும் ஒரு தண்ணீர் பாட்டிலும்தான் இருந்தன. ஏதோ அவசரமாகப் போக வேண்டியிருக்கும், வந்துவிடுவான் என்று நினைத்து அவள் படகில் ஏறி உட்கார்ந்தாள். படகு கிளம்பிவிட்டது. பக்கத்தில் இருந்த அம்மாள் "தனியாவா வந்தே?" என்று கேட்டாளாம். ஒன்றரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது அவன் துணியால் பைக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். பாட்டில் மூடியைத் திறந்து நீட்டி, "எல்லாம் நல்லா இருந்துச்சா?" என்று கேட்டான்.

சவாரிக்காரர்களிடம் கேட்கும் கேள்வி அது. பத்து வருஷப் பழக்கம், வாயில் தானாக வந்திருக்கிறது. திங்கட்கிழமை கம்பெனி வேனில் இதைச் சொல்லி அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன். புது மாப்பிள்ளைக்குக் கூச்சம், போகப் போகச் சரியாகிவிடும் என்றேன்.

அடுத்த மாதம் பிச்சாவரம். அங்கேயும் ஒரு டிக்கெட்தான். இவள் படகில் போய்வந்து பார்த்தால், வண்டிகள் நிற்கும் இடத்தில் இளநீர் விற்கும் அம்மாள் ஜெயசீலனோடு உரிமையாகப் பேசிக்கொண்டிருந்தாள். சுகன்யாவைப் பார்த்ததும், "நீதான் பொண்டாட்டியா? உன் ஊட்டுக்காரரு பத்து வருஷமா இந்த மரத்தடிலதாம்மா படுத்துனு கெடக்குறாரு. ஒரு வாட்டியாச்சும் படகுல ஏறிப் பாருப்பான்னா கேக்க மாட்டேன்றாரு" என்றாள்.

சுகன்யா அவனைப் பார்த்தாள். அவன் ஹெல்மெட்டின் வாரைப் பார்த்தான்.

"ஊட்டி கார்டன்?"

"உள்ள போனதில்ல."

"அந்தக் கண்ணாடி வூடு?"

"ஒரு அம்மா பின்சீட்டுல அவங்க பொண்ணாண்ட சொல்லினு வந்தாங்க. பொய் இல்ல சுகன்யா. அவங்க பாத்ததுதான்."

மறுநாள் வேனில் சிரிப்பு இல்லை. "அவரு கண்ணால பாத்துட்டு எனக்குன்னு சொல்றாருன்னுதாங்கா நா நெனச்சேன். நாலு மாசம் அதையே நெனச்சினு சந்தோஷமா இருந்தேன். யாரோ யாருக்கோ சொன்னதக்கா அது" என்றாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பையைக்கூட வைக்காமல் சுவருக்குப் போய் அவனைக் கூப்பிட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அன்றைக்கு அது முழு நீளத்துக்கும் போனது.

அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னான். டிரைவராகச் சேர்ந்த முதல் வருஷம், ஏற்காடு. சவாரிக்காரர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். ஏரியை ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டு வரலாம் என்று இவன் பூங்காவுக்குள் போனான். திடீர் மழை பிடித்துக்கொண்டது. போனில் சிக்னல் இல்லை. ஓடி வந்து பார்த்தால், பூட்டிய காருக்குப் பக்கத்தில் சவாரிக்காரர்களில் ஒரு வயசான அம்மாள் புடவை ஒட்ட நனைந்து நடுங்கிக்கொண்டு நின்றிருந்தார். ஒரு வார்த்தை திட்டவில்லையாம். "எங்கப்பா போய்ட்ட?" என்று மட்டும் கேட்டாராம். மறுநாள் அப்போதைய முதலாளி சாவியை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்.

"வேலை போனது போவுதுக்கா. அந்தம்மா நின்ன நெலம கண்ணுலயே நிக்குது. அதுலர்ந்து கேட்டுக்குள்ள காலு போவ மாட்டேங்குது. யாராச்சும் வந்து வண்டியாண்ட நிப்பாங்களோன்னு இருக்குது."

இதற்கு மேல் என்னத்தைத் திட்டுவது? சுகன்யாவிடம் போய்ச் சொன்னேன். அவளிடமும் ஏற்கெனவே சொல்லியிருந்தான்.

சும்மா சொல்லக் கூடாது, மற்றபடி அவனைக் குறை சொல்ல முடியாது. ஊரில் இருக்கும் நாட்களில் விடியற்காலை எழுந்து தண்ணீர் பிடித்து வைப்பான். அவள் டிபன் பாக்ஸை அவனே கழுவுவான். வேன் நிற்கும் இடம்வரை பைக்கில் கொண்டுவந்து விட்டு, வேன் கிளம்பும்வரை நிற்பான். எந்த ஊரில் எந்த மரத்து நிழல் மூன்று மணிக்கு எந்தப் பக்கம் சாயும் என்று அவனுக்குத் தெரியும். மாதம் ஒரு தடவை அவளை எங்காவது கூட்டிப்போவதையும் நிறுத்தவில்லை. கேட்வரைக்கும்தான். உள்ளே அவள் தனியாகப் போனாள். போகிற இடமெல்லாம் ஜோடி ஜோடியாகத்தான் திரிகிறார்கள். போட்டோ எடுக்க இவள் முன்பின் தெரியாதவர்களிடம் போனை நீட்ட வேண்டியிருந்தது.

ஆவணியில் செஞ்சிக் கோட்டை. அத்தனை படியையும் அவள் ஒற்றையாக ஏறி இறங்கினாள். இறங்கி வந்ததும் அவன் பாட்டில் மூடியைத் திறந்துகொண்டே, "எல்லாம் நல்லா இருந்துச்சா? மேல இன்னா கீது?" என்று கேட்டான். அப்போது அவளுக்கு என்ன தோன்றியதோ, மூச்சு வாங்கியபடியே சொன்னாளாம்.

"மேல ஒரு மண்டபம் கீதுங்க. செவுத்துல காத வெச்சா கடல் சத்தம் கேக்குது."

"செஞ்சிலயா?"

"நா என் காதால கேட்டேன்."

அவன் அப்படியே நம்பிவிட்டான். மனைவி சொந்தக் காதால் கேட்டது அல்லவா? மூன்று வாரம் கழித்துப் பெங்களூரிலிருந்து ஒரு கணவன் மனைவி அவன் காரில் செஞ்சிக்குப் போனார்கள். அந்த மனிதருக்கு அறுபது வயது இருக்கும். கீழே நின்று பார்த்துவிட்டுக் கிளம்பலாம் என்று இருந்தவர். "சார், மேல ஒரு மண்டபத்துல கடல் சத்தம் கேக்கும். என் வூட்டம்மாவே போய்க் கேட்டுட்டு வந்தாங்க" என்று ஜெயசீலன் பெருமையாகச் சொல்ல, அவர் வேகாத வெயிலில் ஏறிவிட்டார். ரெண்டரை மணி நேரம் கழித்து முகம் சிவக்க இறங்கி வந்தார்.

"எந்தச் சுவர் டிரைவர்? ஒன்றுவிடாமல் காதை வைத்துப் பார்த்தேன். காலேஜ் பெண்கள் ரெண்டு பேர் என்னை வீடியோ எடுக்கிறார்கள்!"

அவர் மனைவி செஞ்சியிலிருந்து பாண்டி வரும்வரை சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டே வந்தாராம். கண்ணாடியில் அதைப் பார்த்துக்கொண்டே ஓட்டியவனுக்குத்தான் எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அன்று அவன் வண்டியை விட்டுவிட்டு வரும்போது சுகன்யா வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் சுவருக்கு இந்தப் பக்கம் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். நகர்ந்து போயிருக்கலாம். போகவில்லை.

"அந்த மண்டபத்துல ஒண்ணும் கேக்கலயாம்" என்றான்.

"யாரு சொன்னா?"

"சவாரிக்காரரு."

"நீங்க கேட்டீங்களா?"

அவன் குனிந்து செருப்பைக் கழற்றினான்.

"நா சும்மா சொன்னேங்க. எனக்கு எப்டி இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியட்டும்னு சொன்னேன்." மடித்த சட்டையை மறுபடி உதறி மடித்தாள். "வர ஞாயித்துக்கெழம செஞ்சி போலாம். நீங்க மேல வந்து பாத்துட்டு சொல்லுங்க. கேட்டாண்ட நிக்கிறதா இருந்தா, இனிமே என்ன எங்கயும் இட்டுனு போவாதீங்க. எனக்கு டிக்கெட் எடுத்துக் குடுக்க ஆளு வேணாம்."

எனக்குக் கீரை ஆயக் கை ஓடவில்லை. அவள் வீம்புக்குச் சொல்லவில்லை என்று குரலிலேயே தெரிந்தது. இருபத்து நாலு வருஷம் எதையும் கேட்காத பெண் கேட்ட ஒரே விஷயம் இது. அவன் அந்த ஞாயிற்றுக்கிழமையும் வண்டியாண்ட நின்றுவிட்டால் அதற்கப்புறம் இவர்கள் ஒரே வீட்டில் சோறு தின்பார்கள், அவ்வளவுதான்.

அந்த ஞாயிறு பூசை முடிந்து இருவரும் கிளம்பிப் போனார்கள். எனக்கு அன்றைக்குச் சாம்பாரில் உப்பு போட்டேனா இல்லையா என்றே நினைவில்லை. மறுநாள் வேனில் ஏறியதும் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

டிக்கெட் ரெண்டு வாங்கினானாம். ஹெல்மெட்டுகளை வெள்ளரிக்காய் விற்கும் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, கேட்டுக்கு முன்னால் வந்ததும் நின்றுவிட்டான். நெற்றியில் வேர்வை. சுகன்யா கையைப் பிடித்து இழுக்கவில்லை. முன்னால் ரெண்டு படி ஏறி நின்றுகொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துப் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டதாம்.

இருபது படிக்கு ஒரு தடவை திரும்பி, கீழே பைக் நிற்கிறதா என்று பார்த்தான். போனை எடுத்து சிக்னல் இருக்கிறதா என்று பார்த்தான். "யாரு உங்களக் கூப்பிடப் போறாங்க? உங்க சவாரி உங்க கூடத்தான் வருது" என்று அவள் சொன்ன பிறகுதான் சிரித்தானாம். பாதி மலையில் பாதை திரும்பும் இடத்தில் வண்டிகள் நிற்கும் இடம் கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. அங்கே ஒரு பாறைமேல் உட்கார்ந்துவிட்டான். பத்து நிமிஷம் எழுந்திருக்கவில்லை. அவளும் பக்கத்தில் உட்கார்ந்து வெள்ளரிக்காய் தின்றாள். பிறகு அவனாகவே எழுந்தான்.

மேலே மண்டபத்தில் நேராகப் போய்ச் சுவரில் காதை வைத்தான்.

"எனக்கு பயமா இருந்துச்சுக்கா" என்றாள் சுகன்யா. "நா சந்தோஷப்படட்டும்னு கேக்குதுன்னு சொல்லிடுவாரோன்னு. சொல்லிட்டா அவ்ளோதான், மறுபடியும் அதே கதைதானே?"

அவன் வெகுநேரம் காதை எடுக்கவில்லையாம். கண்ணை மூடிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றானாம். பிறகு காதைத் தேய்த்துக்கொண்டே திரும்பினான்.

"இன்னா சொன்னான்?" என்றேன். வேனில் முன்சீட்டுப் பெண்கள்கூடப் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

"ஒண்ணும் கேக்கல சுகன்யா, கல்லு சுடுதுன்னாருக்கா."

சொல்லும்போதே அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளாமல் ஜன்னல் வழியே கரும்புத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள். கொஞ்ச தூரம் போனதும் என் பக்கம் திரும்பினாள்.

"நானும் தொட்டுப் பாத்தேங்கா. நெஜமாவே சுட்டுச்சு."