பெரினாவுக்குக் கரையில் ஒரு நாள்

கோப்பையை வாங்கியதும் பெரினா அதன் வாயைக் கட்டைவிரலால் அணைத்துக்கொள்கிறாள். முழங்கால் தானாகப் போய் மேசைக்காலுக்கு முட்டுக்கொடுக்கிறது. ஸாதர் துறைமுகத்தில் என் காப்பிக்கடை நிற்பது அசையாத கல்தரையில். ஆனாலும் மேசை எந்த நேரமும் சரியும் என்பது அவள் உடம்பின் நம்பிக்கை. கடலுக்கு எதிர்க்கரையில் இருக்கும் அங்கோனாவுக்குப் போய்வரும் பயணிகள் கப்பலில் பதினெட்டு வருடமாகச் சமையல்காரி. அறுபது பேருக்குக் குறைந்து உப்புப் போடத் தெரியாது. அவள் வீட்டில் சூப் வைத்தால் எங்கள் சந்தில் ஆறு வீட்டுக்கு வரும்.

கணவன் ரோக்கோவும் அதே கப்பலில்தான், இயந்திர அறையில். ஆனால் வேறு குழு. மகள் நிவெஸ் கைக்குழந்தையாக இருந்தபோது, யாராவது ஒருவர் வீட்டில் இருக்க வேண்டுமே என்று இவர்களாகக் கேட்டு வாங்கிய ஏற்பாடு. இரண்டு வாரம் அவள், இரண்டு வாரம் அவன். குழு மாறும் நாளில் கப்பல் ஏணியடியில் பத்து நிமிடம் பார்த்துக்கொள்வார்கள். “அடுப்புல எடப்பக்கம் கேஸ் கசியுது. பிள்ளைக்குப் பல்லு ஆடுது.” மீதியெல்லாம் ரொட்டி டப்பாவுக்குள் சீட்டு. குடித்தனம் பெரும்பாலும் அந்த டப்பாவில்தான் நடந்தது.

இந்த இலையுதிர்காலத்தில் நிவெஸ் படிக்கத் தலைநகர் ஸாக்ரெப் போய்விட்டாள். பெரினா அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தாள். இருவரையும் ஒரே குழுவில் போட்டார்கள். போன திங்களன்று முதன்முறையாகச் சேர்ந்தே கரையிறங்கினார்கள்.

செவ்வாய் காலை ஏழு மணிக்கு அவள் மட்டும் என் கடையில்.

“என்னடி, புதுப்பொண்ணு மாதிரி முழிக்கிற?” என்றேன்.

“அந்த மனுசன் தூங்குறான். நைசா வந்துட்டேன். நாங்க பத்து நிமிசத்துல பேசி முடிச்சிருவோம்டி. பொழுதுக்கும் என்ன பண்றது?”

“சீட்டு எழுதி வச்சிட்டு வந்தியா?”

அவள் சிரிக்கவில்லை. “நெசமா பயமா இருக்கு. எழுதிக் குடுத்தது நான்தானே. அவனுக்கு என்னைப் பிடிக்கலேன்னா? இத்தனை வருசமும் பிடிச்சது அந்தப் பத்து நிமிசத்தைத்தானோ என்னவோ.”

இன்னொரு காப்பி வைத்தேன்.

ஒன்பது மணிக்கு ரோக்கோ வந்தான். தலையைத் தண்ணீர் தொட்டு வாரியிருந்தான். ஞாயிறு பூசைக்குப் போடுகிற சட்டை. எதிரே உட்கார்ந்து அவள் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தான்.

“நீ சர்க்கரை போடுவியா?”

நான் மேசை துடைக்கிற துணியைப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன். கட்டியவன் கேட்கிற கேள்வியா அது. ஆனால் காதை வெளியேதான் வைத்திருந்தேன்.

“ரெண்டு” என்றாள். “நீ?”

“நான் விட்டு நாலு வருசமாச்சு.”

பிறகு எழுந்து மீன்சந்தைக்குப் போனார்கள். பழக்க தோஷத்தில் அவள் மத்தி ஐந்து கிலோ கேட்டிருக்கிறாள். மீன்காரி, “வீட்ல கல்யாணமா?” என்று கேட்க, ரோக்கோ குறுக்கே புகுந்து, “அரைக் கிலோ போடு. ரெண்டே பேருதான்” என்றானாம். இதை மூன்று மணிக்குத் தண்ணீர் வாங்க வந்தபோது இரண்டு முறை சொன்னாள்.

“சரி, என்னதான் பேசுனீங்க?”

“ஒண்ணும் பேசல. சாப்பிட்டதுலேர்ந்து ஒரு வார்த்தை இல்ல.” தலைச்சுமையை இறக்கிவைத்தவள் விடுகிற மூச்சு. “அவன்பாட்டுக்கு உக்காந்திருக்கான். நான்பாட்டுக்கு உக்காந்திருக்கேன். நல்லாத்தான்டி இருக்கு.”

சாயங்காலம் மற்றக் குழுவோடு அவர்கள் கப்பல் துறையை விட்டது. கடலோரப் படிகளில் ரோக்கோ அவள் தோளில் சாய்ந்து வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். கப்பல் எந்த இடத்தில் திரும்பி ஊதும் என்று பெரினாவுக்குத் தெரியும். அது ஊதுவதற்கு முன்பே, தோளில் பதியாத அவன் காதை உள்ளங்கையால் பொத்தினாள்.