பாத்துப் போங்க

யாரும் அதிகம் போகாத இடங்களாகத் தேடிப் போவது அப்போது எனக்குப் பழக்கம். 2005இல் அப்படித்தான் காமிராவோடு மரக்காணம் உப்பளத்தில் போய் இறங்கினேன். சுனாமி வந்துபோய்ச் சில மாதங்கள் ஆகியிருந்தன.

உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்களில் ஒருவர் என்னைக் கண்டதும் வேலையைப் போட்டுவிட்டு வந்தார். புடவைக்குமேல் ஆண்பிள்ளைச் சட்டை, உப்பில் வெளுத்துப்போன பாதங்கள். குறுகலான வரப்பில் எனக்கு முன்னால் நடந்தவர், நாலடிக்கொரு தரம் திரும்பி என் கால்களைப் பார்த்தார்.

"பாத்து வாங்க சார், வழுக்கும்."

உடைந்த வரப்பு, சேறு மூடிய பாத்தி, சுவர் விழுந்த மோட்டார் கொட்டகை என ஒவ்வொன்றாகக் காட்டி, "இதையும் எடுத்துக்குங்க" என்றார். நல்ல படங்கள் கிடைக்கிற சந்தோஷத்தில் நானும் எடுத்துக்கொண்டே போனேன்.

கடைசியில் கேட்டார்: "எப்போ சார் சரி பண்ணிக் குடுப்பாங்க?"

"எதைம்மா?"

"இதெல்லாந்தான். நீங்க கணக்கெடுக்கத்தானே வந்திருக்கீங்க?"

"இல்லம்மா. நான் சும்மா ஊர் சுத்திப் பாக்க வந்தேன்."

"சும்மாவா" என்றார். குரலில் கோபம் இல்லை. சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தூரத்தில் மற்றப் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் போய் இவர் என்ன சொல்லப்போகிறார் என்று நினைத்தபோது எனக்கு உடம்பே கூசியது.

அவர் நடக்கத் தொடங்கினார். என் பக்கம் திரும்பாமலேயே, "சரி, பாத்துப் போங்க" என்றார்.

வழுக்கும் என்று சொன்னாரா, வந்ததற்கு வேடிக்கை பார்த்துவிட்டுப் போ என்று சொன்னாரா, எனக்கு இன்றுவரை தெரியவில்லை.