என் சொந்தக் கற்பனை

யாரையும் நம்புவதில்லை என்பது எங்கள் குடும்பத்தின் கொள்கை. அப்பா ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். கேஸ் சிலிண்டர் வந்தால் எடை போட்டுப் பார்ப்பார். பால் பாக்கெட்டில் தேதியை இரண்டு முறை படிப்பார். ஆலயத்தில் புதிதாக யாராவது சிரித்துக் கைகுலுக்கினால், வீட்டுக்கு வந்ததும் "அவனுக்கு என்ன வேணுமாம்?" என்று அம்மாவிடம் விசாரிப்பார். நான் அவருக்கு ஒரே மகள். சந்தேகம் எனக்குப் பூர்வீகச் சொத்து.

நான் சொந்தமாகப் பாட்டு எழுதி, மெட்டுப் போட்டு, ஃபோனில் பாடி வைக்க ஆரம்பித்தபோது அப்பா பாட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அது திருடு போகாமல் இருக்க வழி சொன்னார். ஒவ்வொரு முறையும் ரெக்கார்டிங்கை ஆரம்பித்ததும் முதலில் தேதியைச் சொல்ல வேண்டும். அடுத்து, "இந்தப் பாடலும் மெட்டும் என் சொந்தக் கற்பனை" என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். அப்புறம்தான் பாட வேண்டும். நாளைக்கு எவனாவது எடுத்துக்கொண்டால் இதுதான் சாட்சி என்றார். எனக்கு அது அருமையான யோசனையாகப் பட்டது. பள்ளிக்கூடத்தில் உறுதிமொழி எடுப்பதுபோல நிமிர்ந்து உட்கார்ந்து சொல்வேன். பாட்டை இணையத்தில் போடும்போது அந்த முன்பகுதியை மட்டும் வெட்டிவிடுவேன். முப்பத்தைந்து பாட்டுகளை அப்படித்தான் பதிவு செய்தேன்.

எங்கள் வீடு கிழக்குத் தாம்பரத்தில், நாலு வீடுகள் கொண்ட கட்டடத்தில் மாடியில் இருக்கிறது. வாரத்தில் ஐந்து நாள் எனக்குக் கேளம்பாக்கத்தில் ஆபீஸ். பாட்டுக்கு சனிக்கிழமை மதியம்தான். கடைசி அறையில் பீரோவின் இரண்டு கதவுகளையும் விரியத் திறந்து, அம்மாவின் புடவைகளுக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு பாடினால் எதிரொலி வராது. ஃபேனை நிறுத்தியாக வேண்டும், அதன் இரைச்சல் பதிவாகிவிடும். ஃபேனும் இல்லாமல் ஜன்னலையும் சாத்தினால் மனுஷி வெந்துபோவாள். அதனால் ஜன்னல் திறந்தே இருக்கும். அந்த ஜன்னலுக்கு வெளியே தெரு கிடையாது, தண்ணீர்க் குழாய்கள் இறங்கும் ஒரு குறுகிய இடைவெளிதான். கீழ் வீட்டு ஜன்னலும் அதே இடைவெளியில்தான் திறக்கும்.

கீழ் வீட்டில் ஓர் அக்கா, அவர் வீட்டுக்காரர், இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை. அக்காவுக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் காலை ஷிஃப்ட், மதியம் வீட்டுக்கு வந்துவிடுவார். சனிக்கிழமை வீட்டுக்காரருக்கு லீவு. ஆகவே சனிக்கிழமை மதியம் அங்கே சண்டை நடக்கும். அது முடிகிற வரை நான் ரெக்கார்டிங் போட முடியாது. விமானம் தலைக்கு மேல் போனால் ஒரு நிமிடம், ரயில் ஹாரன் அடித்தால் அரை நிமிடம், கீழ் வீட்டுச் சண்டை என்றால் இருபது நிமிடம் என்று காத்திருக்கப் பழகியிருந்தேன். சண்டை ஓய்ந்ததும் பட்டனை அழுத்தி உறுதிமொழியைச் சொல்வேன். ஒருமுறை பொறுக்க முடியாமல் அப்பாவை விட்டு ஹவுஸ் ஓனரிடம் புகார் சொல்லவைத்தேன். ஓனர் போய்ப் பேசிவிட்டு வந்தார். அதற்கப்புறம் வந்த வாரங்களில் முன்னைப் போலச் சத்தம் மேலே வரவில்லை. எனக்கு வசதியாகத்தான் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் கூடுவாஞ்சேரியிலிருந்து ஒரு மெசேஜ் வந்தது. ஹார்டுவேர் கடை மாடியில் சின்ன ஸ்டூடியோ வைத்திருக்கும் ஓர் அண்ணா அனுப்பியிருந்தார். பக்திப் பாட்டுகளுக்கும் மனை விற்பனை விளம்பரங்களுக்கும் இசை அமைத்துப் பிழைப்பவர். உங்கள் பாட்டுகளைக் கேட்டேன், எட்டுப் பாட்டு சேர்த்து ஆல்பமாகச் செய்யலாம், இப்போதைக்கு நீங்கள் எதுவும் தர வேண்டாம் என்று எழுதியிருந்தார். அப்பா அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். சோழியன் குடுமி சும்மா ஆடுமா என்றார்.

இரண்டு பேரும் ரயிலேறிப் போய்ப் பார்த்தோம். அப்பா ஸ்டூடியோச் சுவரைத் தட்டிப் பார்த்தார். மின்சார பில் யார் பெயரில் வருகிறது என்று கேட்டார். கடைசியில், ஊரில் இத்தனை பேர் பாடும்போது என் மகள் மட்டும் எதற்கு என்றார்.

"நல்லா பாடறாங்க சார். அவ்ளோதான்."

அந்த "அவ்ளோதான்" எங்கள் இருவருக்கும் பிடிக்கவில்லை. திரும்பி வரும்போது வண்டலூர் தாண்டும் வரை அதைப் பற்றியே பேசினோம். ஆனாலும் எனக்கு ஆல்பம் வேண்டியிருந்தது. ஆசை வெட்கம் அறியாது. சந்தேகத்தோடேயே சனி ஞாயிறுகளில் கூடுவாஞ்சேரிக்குப் போக ஆரம்பித்தேன்.

வெட்டாத, எடிட் செய்யாத பழைய ரெக்கார்டிங்குகள் எல்லாம் வேண்டும் என்று அண்ணா கேட்டார். எதற்கு என்று இரண்டு வாரம் குடைந்தேன். வீட்டில் பாடியதில் இருக்கிற ஏதோ ஒன்று ஸ்டூடியோவில் வரவில்லை, அது என்னவென்று பார்க்க வேண்டும் என்றார். உறுதிமொழியோடு சேர்த்து அப்படியே கொடுத்தேன், இவருக்கும் ஒரு எச்சரிக்கையாக இருக்கட்டுமே என்று. அடுத்த முறை பார்த்தபோது சிரித்தார். அந்தச் சிரிப்பையும் மனசில் குறித்துக்கொண்டேன்.

எட்டுப் பாட்டில் கடைசியாக எழுதியதுதான் ஆல்பத்துக்கே உயிர். அண்ணாவும் அப்படித்தான் சொன்னார், அப்பாகூட ஒப்புக்கொண்டார். அதை நான் எங்கும் வெளியிடவில்லை. பீரோ முன்னால் உட்கார்ந்ததும் மெட்டு தானாக வந்தது என்று, ஆல்பத்தைப் பற்றி விசாரித்தவர்களிடமெல்லாம் பெருமை பேசினேன். வேலையை விடுவதா, ஆபீஸும் பாட்டுமாக ஓட்டுவதா என்பதைக்கூட அந்த ஒரு பாட்டை நம்பித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போனேன். கீழ் வீட்டு அக்கா கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். வாய் எதையோ முணுமுணுத்தது. அது என் மெட்டு. முதல் வரியின் முடிவில் மேலேயிருந்து வழுக்கி இறங்குகிற அந்த இடம் உட்பட அப்படியே இருந்தது.

நல்லா இருக்கே, என்ன பாட்டுக்கா என்று சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டேன். பாட்டெல்லாம் இல்லை, சும்மா வாயில் வருவது என்றார். பச்சைப் பொய் என்று நினைத்தேன். அந்தப் பாட்டைக் கேட்டவர்கள் எங்கள் வீட்டில் மூன்று பேரும் அண்ணாவும்தான். நான் விற்கவில்லை, அப்பா அம்மா விற்கவில்லை. அக்காவின் வீட்டுக்காரருடைய கம்பெனி பஸ் தினமும் கூடுவாஞ்சேரி வழியாகப் போகிறது என்பது நினைவுக்கு வந்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அண்ணா என் மெட்டை ஏதோ மனை விளம்பரத்துக்குக் கொடுத்திருக்கிறார், அது ஆட்டோ ஒலிபெருக்கியில் போகிறது, அந்த ஆள் கேட்டுவந்து வீட்டில் பாடியிருக்கிறார். இரண்டு சாயங்காலம் ஜி.எஸ்.டி. ரோட்டில் நின்று, விளம்பர ஆட்டோ ஒவ்வொன்றையும் காது கொடுத்துக் கேட்டேன். பத்திரப் பதிவு இலவசம் என்று கத்தினார்கள், என் மெட்டு எதிலும் இல்லை. அதனால் என் சந்தேகம் குறைந்துவிடவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

அப்பாவிடம் சொல்லாமல் ஸ்டூடியோவுக்குப் போய்ச் சண்டை போட்டேன். இந்தப் பாட்டை யாருக்குக் கொடுத்தீர்கள், என் கீழ் வீட்டு அக்கா பாடுகிறார் என்றேன். அண்ணாவுக்குக் கோபம் வரவில்லை. குழப்பமாகப் பார்த்தார்.

"ஏம்மா, அவங்கதான் உன் ஃபைல்லயே இருக்காங்களே?"

அந்தப் பாட்டின் வீட்டு ரெக்கார்டிங்கைத் திறந்து ஹெட்போனை என் தலையில் மாட்டினார். என் குரலை இறக்கி, பின்னாலிருந்த ஒலியை ஏற்றினார். தூரத்தில் நான் தேதி சொல்கிறேன். இந்தப் பாடலும் மெட்டும் என் சொந்தக் கற்பனை என்கிறேன். அதற்குப் பின்னால் ஒரு பெண், குழந்தையைத் தூங்கவைக்க முனகிக்கொண்டிருக்கிறாள். அதே மெட்டு, அதே வழுக்கல். நான் பாட வாய் திறக்கும் முன்பே அவள் ஒரு சுற்று முடித்துவிட்டாள்.

என் அம்மா என்று நினைத்தாராம் அண்ணா. அம்மாவின் மெட்டில் மகள் பாட்டு எழுதியிருக்கிறாள், அதைத் தன் சொந்தக் கற்பனை என்று கேலிக்குச் சொல்கிறாள் என்று நினைத்துத்தான் அன்றைக்குச் சிரித்தாராம்.

எனக்கு ஒரு கடைசி நம்பிக்கை இருந்தது. நான் பாடிப் பழகியதைக் கேட்டு அக்கா கற்றுக்கொண்டிருக்கலாம் இல்லையா? பழைய ஃபைல்களைத் திறந்தோம். அந்தப் பாட்டை எழுதுவதற்கு ஒரு வருடம் முன்னால் பதிவு செய்தவற்றிலும் உறுதிமொழிக்குப் பின்னால் அதே முனகல் இருந்தது. இருக்கத்தானே செய்யும். சண்டை ஓய்ந்ததும் நான் பட்டனை அழுத்துவேன், சண்டை ஓய்ந்ததும் அவர் குழந்தையைத் தூங்கவைப்பார். வாராவாரம் கேட்டுக்கேட்டு என்னுள் ஊறியதைத்தான் தானாக வந்தது என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். உலகத்தில் எல்லோரையும் சந்தேகப்பட்ட எனக்கு என்னைச் சந்தேகப்படத் தோன்றவே இல்லை.

அதோடு முடியவில்லை. ஒரு ஃபைலில் பட்டனைக் கொஞ்சம் முன்னதாக அழுத்திவிட்டிருந்தேன். ஓர் ஆண் கத்துகிறான். பளாரென்று ஒரு சத்தம். குழந்தை வீறிடுகிறது. பிறகு எதுவும் இல்லை. பிறகு மைக்குக்குப் பக்கத்தில், சலிப்போடு, என் குரல்.

"அப்பாடா. முடிஞ்சுது."

அதையடுத்துத் தேதி, அதையடுத்து உறுதிமொழி. அண்ணா என்னைப் பார்க்காமல் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை நாளும் அதைச் சண்டை என்றுதான் சொல்லிவந்தேன். சண்டை என்றால் இரண்டு பேர் கத்த வேண்டும். அந்த ஃபைலில் ஒருவன் மட்டும்தான் கத்துகிறான்.

மறுநாள் ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு, அந்த ஆள் வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்துக் கீழே போனேன். அக்கா கதவைப் பாதிதான் திறந்தார். என் ஆல்பத்தில் உங்கள் மெட்டு இருக்கிறது, உங்கள் பெயரைப் போட வேண்டும் என்றேன். எதற்கு என்றார். யார் அனுப்பினார்கள், கையெழுத்துப் போட வேண்டுமா, ஃபோட்டோ வருமா, உனக்கு இதில் என்ன லாபம் என்று வரிசையாகக் கேட்டார். அப்பாவே எதிரில் நிற்பதுபோல இருந்தது. அதுதான் நியாயம்னு தோணுச்சுக்கா, அவ்ளோதான் என்றேன். சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை கேட்பவர் காதில் எப்படி விழும் என்று புரிந்தது.

உள்ளே கூப்பிட்டார். ஃபோனில் போட்டுக் காட்டினேன். தன் குரலைக் கேட்டதும் முதலில் வெட்கப்பட்டுச் சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது.

"இதுல வேற இன்னா கேக்குது?"

"எல்லாம் கேக்குதுக்கா."

சண்டை என்று நினைத்துவிட்டேன், முன்னமே கீழே இறங்கி வந்திருக்க வேண்டும் என்று ஏதோ உளறினேன்.

"வந்து இன்னா சொல்லியிருப்ப? சத்தம் போடாதீங்கன்னா? ஓனராண்ட சொன்னது நீங்கதானே. அன்னிலேர்ந்து அவரு ஜன்னல சாத்திக்கினுதான் கை வெக்கறாரு."

சத்தம் மேலே வராத அந்த வாரங்கள் நினைவுக்கு வந்தன. எனக்கு அழுகை வந்தது. அழுவதற்கு எனக்கு உரிமை இல்லை என்று அடக்கிக்கொண்டேன். அக்காதான் என் கையிலிருந்த ஃபோனைக் காட்டி அடுத்த வேலையைச் சொன்னார். எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டும். மெட்டைப் பாட்டில் வைத்துக்கொள்ளலாம், பெயர் மட்டும் வரக் கூடாது, வீட்டுக்காரர் காதுக்குப் போனால் பேஜார். அவர் பார்க்கப் பார்க்க ஒவ்வொன்றாக அழித்தேன். அடி விழும் சத்தமிருந்த அந்த ஒரு ஃபைல் வந்தபோது என் கையைப் பிடித்தார்.

"இதுல தேதி சொல்லிக்கிற இல்ல?"

ஆமாம் என்றேன்.

"அப்ப இத எங்க அக்கா நம்பருக்கு அனுப்பு. எனுக்கு அனுப்பாத, அவரு ஃபோன நோண்டுவாரு. அனுப்பிட்டு அப்பால அழி."

அனுப்பினேன், அழித்தேன். அழித்தவை போய்க் கிடக்கும் குப்பைத் தொட்டியையும் திறந்து காட்டச் சொன்னார். அன்று சாயங்காலமே அண்ணாவும் தன்னிடமிருந்த எல்லாவற்றையும் என் எதிரில் அழித்தார். என் பாட்டுகள் என்னுடையவை என்பதற்கு இப்போது ஒரு சாட்சியும் இல்லை.

ஆல்பம் இந்த வருடம் வந்தது. சுமாராகக் கேட்கிறார்கள், வேலையை விடவில்லை. ஏழு பாட்டுகளுக்குச் சொல்லும் மெட்டும் நான் என்று இருக்கிறது. எட்டாவதில் "மெட்டு: என்னுடையது அல்ல" என்று போடச் சொன்னேன். இப்படி யாராவது தானாக எழுதிக் கொடுப்பார்களா என்று அப்பா குதித்தார். அன்றைக்குத்தான் அவரிடம் முழுவதையும் சொன்னேன். ஓனரிடம் போய்ப் புகார் சொன்னவர் அவர் இல்லையா?

இப்போது சனிக்கிழமை மதியம் நான் பாடுவதில்லை. கீழ் வீட்டு ஜன்னல் சாத்தும் சத்தம் கேட்கிறதா என்று உட்கார்ந்திருக்கிறேன். கேட்டால் உடனே இறங்கிப் போய் பெல் அடித்து, கறிவேப்பிலை இருக்கிறதா என்பேன். எங்கள் பால்கனித் தொட்டியில் கறிவேப்பிலை தழைத்து நிற்பது கீழேயிருந்து பார்த்தாலே தெரியும். கீழ் வீட்டு அக்கா இங்கிருந்து கிளம்புவது பற்றி ஊரிலிருக்கும் தன் அக்காவோடு பேசிக்கொண்டிருக்கிறாராம், கொஞ்சம் பொறு என்று சொல்லியிருக்கிறார். அதுவரை எனக்குத் தெரிந்த வேலை இதுதான்.

போன வாரம் ஜன்னல் சாத்தியதும் நான் செருப்பைத் தேடினேன். அதற்குள் அப்பா காலி டம்ளரோடு படியிறங்கிவிட்டார். பின்னாலேயே ஓடினேன். கதவைத் திறந்த அந்த ஆளிடம் அப்பா கொஞ்சம் சர்க்கரை கேட்டார், நான் கறிவேப்பிலை கேட்டேன். அவன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். எங்கள் மேல் அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வரட்டும்.