பெண் பார்க்க வந்த ரயில்

எங்கள் ஊருக்குத் துறைமுக ஊர் என்று பெயர். ஆனால் ரயிலை விட்டு இறங்கி நாலாபக்கமும் தேடினாலும் கப்பல் கண்ணில் படாது. கும்மிடிப்பூண்டிக்குப் போகும் பாதையில் இரண்டு பிளாட்பாரம், ஒரே ஒரு தண்ணீர்க் குழாய், எப்போதும் பூட்டியே கிடக்கும் பெண்கள் அறை, யாரும் ஏறாத ஒரு மேம்பாலம். ஸ்டேஷன் அவ்வளவுதான். ஊரே தண்டவாளத்தைத் தாண்டித்தான் போகும், வரும். பூட்டிய அறைக்குள் என்ன இருக்கிறது, யாரும் ஏறாத பாலத்தை யாருக்காகக் கட்டினார்கள் என்று நான் கேட்காத ஆள் கிடையாது. எட்டு வயதில் எனக்கு வாய் ஓயாது. பதில் சொல்லத்தான் ஆள் இல்லை.

அந்த ஸ்டேஷனில்தான் மாமா என் சித்தியைப் பெண் பார்க்க ஏற்பாடு செய்தார். சித்தி அம்மாவுக்குத் தங்கை, மாமா அவர்கள் இருவருக்கும் அண்ணன். எல்லாரும் ஒரே வீட்டில் இருந்தோம். சித்தி கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலைக்குப் போனாள், தினமும் ரயில்தான். மாமா துறைமுகத்துக்கு லாரி ஓட்டினார்.

அதற்கு முன் வந்த மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் கேசரி, பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று போனவர்கள். ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை. கடைசியாக வந்தவர்கள் போனதும், சித்தி தட்டுகளைக் கழுவிக்கொண்டே, இனிமேல் என்னைப் பார்க்க யாரும் இந்த வாசலை மிதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். அழுதாளா என்று தெரியாது. குழாயை நன்றாகத் திறந்துவிட்டிருந்தாள்.

வாசலைத்தானே மிதிக்கக் கூடாது, ஸ்டேஷனுக்கு வரலாமே என்று மாமாவுக்கு மூளை வேலை செய்தது. மாப்பிள்ளை புதுவாயலில் கடை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் சென்னைக்குப் போகிறவர்கள் போல ரயிலில் வருவார்கள். எங்கள் ஊரில் ரயில் நிற்கும்போது, குழாயடியில் நிற்கும் சித்தியை ஜன்னல் வழியாகப் பார்ப்பார்கள். பிடித்திருந்தால் இறங்கி வீட்டுக்கு வருவார்கள். அடையாளத்துக்கு நடுப்பெட்டியின் ஜன்னல் கம்பியில் ஒரு மஞ்சள் பை தொங்கும்.

“புடிக்கலன்னா ட்ரெய்ன் பாட்டுக்கு போய்க்கினே இருக்கும். யாருக்கும் பேஜாரு இல்ல. தங்கச்சிக்கு மட்டும் தெரிய வேணாம்,” என்று மாமா மாப்பிள்ளை வீட்டாரிடம் போனில் சொன்னார். லாரிச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரல் அவருடையது. ரகசியம் பக்கத்துத் தெருவரை போய்ச் சேர்ந்தது. யாரும் இறங்காமல் ரயில் போய்விட்டால், ஒரு பிளாட்பாரமே பார்க்க சித்தி வேண்டாதவளாக நிற்பாளே என்று மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

ஞாயிறு வந்தது. மெட்ராசுக்குத் துணி எடுக்கப் போகிறோம் என்று சொல்லிக் கூட்டிப்போனார்கள். துணி எடுக்கப் போகிறவள் தலையில் எதற்கு இவ்வளவு பூ என்று நான் கேட்க, அம்மா தொடையில் ஒரு கிள்ளு வைத்தாள். சித்தி எதுவும் கேட்கவில்லை. குழாயடியில் நிறுத்தினார்கள், நின்றாள். மாமா ரயில் வருகிறதா என்று பார்க்கப் பிளாட்பாரத்தின் கோடிக்குப் போனார். அம்மா டிக்கெட் வாங்குவது போல ஒரு பாவனையோடு நகர்ந்தாள்.

“இது ஆர்பர் ஊருதான, கப்பல் எங்க சித்தி?” என்று ஆரம்பித்தேன்.

மற்ற நாளாக இருந்தால், ஷிப்ட் முடிந்து வந்த அலுப்பில் சும்மா இருடி என்பாள். அன்றைக்கு என் கையைப் பிடித்துக்கொண்டாள். “பாலத்து மேல ஏறினா தெரியும். வரியா பாப்பா?”

எனக்குக் கசக்குமா? படியேறும்போது நான் கேட்டதற்கெல்லாம் பதில் வந்தது. பூட்டிய அறையில் உடைந்த பெஞ்சுகள்தான் இருக்கின்றனவாம், ஜன்னல் சந்து வழியாக அவள் பார்த்திருக்கிறாளாம். அந்தக் காலத்தில் இந்த ஸ்டேஷனைக் கட்டியதே உப்பளத்து மூட்டைகளை ஏற்றத்தானாம்.

“மொதல்ல உப்பு வந்துச்சு, அப்பால நிலக்கரி, அப்பால ஆர்பரு. மனுசங்க நாம கடைசியா வந்தோம். அதான் நமக்கு ஒரே கொழா,” என்றாள்.

பாலத்தின் உச்சியிலிருந்து கப்பல் தெரியவில்லை. தூரத்தில் கிரேன்களின் தலைகள் மட்டும் தெரிந்தன. எனக்கு அதுவே பெரிய சந்தோஷமாக இருந்தது.

ரயில் வரும் சத்தம் கேட்டதும் சித்தி என்னை எதிர்ப் பிளாட்பாரப் பக்கம் இழுத்துப்போய், படிக்கட்டு திரும்பும் இடத்தில் நின்றாள். எந்தப் பெட்டி எங்கே நிற்கும் என்பது தினமும் போகிறவளுக்குத் தெரியாதா? மஞ்சள் பை தொங்கிய பெட்டி எங்களுக்கு நேரெதிரே வந்து நின்றது. திறந்திருந்த கதவு வழியாக உள்ளே எல்லாம் தெரிந்தது. அவர்கள் குழாயடியைப் பார்த்துக்கொண்டிருந்ததால் எங்களுக்கு முதுகு காட்டினார்கள். அங்கே மாமாவும் அம்மாவும் திருவிழாவில் பிள்ளையைத் தொலைத்தவர்கள் மாதிரி சுற்றிச் சுற்றி வந்தார்கள். மஞ்சள் பைக்குப் பக்கத்தில், மடிப்புக் கலையாத சட்டையோடு ஒருவர் காலை அகட்டி உட்கார்ந்திருந்தார். அவருடைய அம்மா கூட்டத்தில் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தார். காற்றை மறைக்கிறாயே, தள்ளி நில் என்பது போல அவர் தன் அம்மாவைப் பார்த்துக் கையை ஆட்டினார். அந்த அம்மா தள்ளி நின்றார்.

“அவரு ஒக்காந்துக்கினு, அவங்க அம்மாவ ஏன் சித்தி நிக்க வெச்சிகீறாரு?” என்று கேட்டேன்.

இதற்கு மட்டும் சித்தி பதில் சொல்லவில்லை. காதில் விழவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன். யாரும் இறங்காமலே ரயில் போய்விட்டது.

கீழே வந்ததும் எனக்குத்தான் அர்ச்சனை. “இந்த வாயாடி கப்பலு கிப்பலுன்னு இட்டுக்கினு பூட்டா! எல்லாம் இவளாலதான்!” என்று மாமா குதித்தார். சித்திதான் கூப்பிட்டாள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் என் கையை அழுத்திப் பிடித்தாள், நான் சொல்லவில்லை. வீட்டில் செய்துவைத்திருந்த கேசரியை நாங்களே சாப்பிட்டோம். சித்தி இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

சில நாள் கழித்துப் புதுவாயலிலிருந்து போன் வந்தது. பெண் கண்ணில் படவில்லை, முறைப்படி வீட்டுக்கே வருகிறோம் என்றார்கள். மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. சித்தி வேண்டாம் என்றாள்.

“ஆளயே பாக்காம எப்டி வேணான்ற?”

“வேணாம்ணா,” என்றாள்.

வீடே மண்டையைப் பிய்த்துக்கொண்டது. எனக்கும் தாங்கவில்லை. சித்தி தனியாக இருக்கும்போது போய், ஏன் வேண்டாம் என்றாய் என்று கேட்டேன். அவள் என் கன்னத்தைத் தட்டினாள்.

“நீதான பாப்பா கேட்ட,” என்றாள்.

அன்றைக்கு நான் கேட்டதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. பூவைப் பற்றிக் கேட்டேன், கப்பலைப் பற்றிக் கேட்டேன், பூட்டிய அறையைப் பற்றிக் கேட்டேன். இதில் எதைக் கேட்டதற்காக ஒரு கல்யாணம் நின்றுபோயிற்று என்று எனக்குப் புரியவே இல்லை. அதற்கப்புறம் கொஞ்ச நாள் யாரிடமும் எதையும் கேட்கவே பயந்துகொண்டு இருந்தேன்.