கடைக்குள் வராத பன்றி

எனக்கென்று ஒரு நண்பர் அமைந்தது ஐம்பது வயதுக்குப் பிறகுதான். அவரை நான் இழந்தது ஒரு பன்றியால். செம்பனைக் காட்டில் மண்ணைக் கிளறித் தின்னும் பன்றி இல்லை. கைப்பேசி விளையாட்டில் வருகிற சின்னப் பன்றி. செம்மஞ்சள் உடம்பு, சுருட்டை வால். மூக்கைச் சுளித்தால் நெருப்பு வரும். சளி பிடித்திருந்தால் வெறும் கரும்புகைதான் வருமாம். இதைப் படித்தபோது எனக்கு அதன்மேல் ஒரு பாசம் வந்துவிட்டது. பேச வேண்டிய நேரத்தில் என் வாயிலிருந்தும் புகைதான் வரும்.

நான் மலேசியாவில், ஈப்போ பக்கம் பாக்டரி வேன் ஓட்டுகிறேன். படிப்பு மூன்றாம் படிவம் வரைக்கும்தான். விடிவதற்கு முன் குனோங் ராபாட் பக்கத்து வீடுகளில் பெண்களை ஏற்றி, தொழிற்சாலை வாசலில் இறக்கிவிட்டால், மத்தியானம் வரைக்கும் எனக்கு வேலை இல்லை. முன்பெல்லாம் வேனிலேயே சாய்ந்து தூங்குவேன். ஒருநாள் வேனில் வரும் ஓர் அக்கா என் கைப்பேசியைப் பிடுங்கி அந்த விளையாட்டைப் போட்டுக் கொடுத்தார். "டாக்டரு நடக்கச் சொன்னாருன்னு சொன்னீங்கல்ல? இத வெச்சிக்கிட்டு நடங்க அண்ணே. தூங்கித் தூங்கித்தான் சீனி ஏறுது."

விளையாட்டு கஷ்டமில்லை. நாம் நிற்கிற தெருவே கைப்பேசியில் தெரியும். நடந்தால் அங்கங்கே விதவிதமான பிராணிகள் எட்டிப் பார்க்கும். பிடித்துச் சேர்க்க வேண்டும். சேர்த்ததில் ஒன்றைத் துணையாக வைத்துக்கொண்டால், நாம் நடக்க நடக்க அதுவும் கூடவே நடக்கும். தொழிற்சாலை வாசலில், கால்வாய் ஓரத்தில் நான் முதலில் பிடித்தது அந்தப் பன்றியை. அதையே துணையாக வைத்துக்கொண்டேன். சாயங்காலம் திடலைச் சுற்றி நடக்கக் கிளம்பினால் என் மனைவி பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொல்லுவாள்: "மத்த வீட்டு ஆம்பளைங்க பேரப்பிள்ளையத் தூக்கிக்கிட்டு நடக்குறாங்க. இவரு பன்னி மேய்க்கப் போறாரு."

விளையாட்டில் இன்னொன்றும் உண்டு. ஊரில் சில இடங்களைக் கோட்டை மாதிரிக் குறித்து வைத்திருப்பார்கள். அங்கே நம் பிராணியைக் காவலுக்கு நிறுத்தலாம். வேறொருவர் சண்டை போட்டு அதை விரட்டிவிட்டுத் தம்முடையதை நிறுத்தலாம். நான் காலையில் தேத்தண்ணி குடிக்கும் கடைக்கு எதிரே ஒரு பழைய சுவர் ஓவியம் இருந்தது. அது ஒரு கோட்டை. அங்கே என் பன்றியை நிறுத்துவேன். கால் மணி நேரத்தில் யாரோ அடித்து விரட்டிவிடுவார்கள். மறுநாளும் அப்படியே. இரண்டு வாரம் இது நடந்தது.

ஒருநாள் விரட்டப்பட்ட நேரத்தில் நிமிர்ந்து பார்த்தேன். கல்லாவில் இருந்த கடைக்காரர் கைப்பேசியைக் கட்டை விரலால் வேகவேகமாகத் தட்டிக்கொண்டிருந்தார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். தமிழ் முஸ்லிம். அவர் அப்பா காலத்துக் கடை அது. அவரும் நிமிர்ந்தார். இருவர் கையிலும் ஒரே படம்.

"அட, நீங்கதானா டிரைவரே? நானும் எந்தப் பய இவ்ளோ காலையில வந்து நிக்கிறான்னு பாத்தேன்."

"நீங்களா அண்ணே என்னை வெரட்டுறது?"

"பின்ன? என் கடைக்கு முன்னால வந்து நின்னா சும்மா விடுவேனா? உக்காருங்கலா. இன்னிக்கு தேத்தண்ணி நம்ம கணக்கு. தோத்தவருக்கு எப்பவும் ஃப்ரீ."

அன்றிலிருந்து நாங்கள் கூட்டாளிகள். எனக்குக் கூட்டத்தில் பேச வராது. கல்யாண வீட்டில்கூட சமையல் பக்கம்தான் நிற்பேன். அவரோடு மட்டும் ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் பேசினேன். எதைப் பிடித்தோம், எது தப்பித்தது, எவ்வளவு நடந்தோம் என்று. அங்கிருந்து அவர் முழங்கால் வலிக்கு, என் மகள் ஜொகூரில் வேலைக்குப் போனதற்கு, அவர் மனைவி இறந்த வருடத்துக்குப் போகும். திரும்பவும் விளையாட்டுக்கே வரும்.

ஆனால் கூட்டாளியான அந்த முதல் நாளே, வேனுக்குத் திரும்பியதும் எனக்கு ஒன்று உறைத்தது. இரண்டு வாரமாக ஒரு முஸ்லிம் கடை வாசலில் நான் பன்றியை நிறுத்தியிருக்கிறேன்.

நான் பிறந்தது ஒரு ரப்பர்த் தோட்டத்தில். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆண்கள் காட்டுப் பன்றி அடித்து வந்து லயத்து வீடுகளுக்குப் பங்கு போடுவார்கள். எங்கள் வீட்டுப் பங்கை வாங்கி வருவது என் வேலை. வழியில் ஒரு முஸ்லிம் கடை இருந்தது. "கடை வாசலோட தூக்கிட்டு வராத. பின்னால சுத்தி வா" என்று அம்மா ஒவ்வொரு வாரமும் சொல்லி அனுப்புவார். பின்னால் சுற்றினால் சாக்கடையைத் தாண்டி, லாலான் புல்லில் கால் கீறிக்கொண்டு வர வேண்டும். எல்லா வீட்டுப் பிள்ளைகளும் அப்படித்தான் வந்தோம். அந்தக் கடைக்காரருக்குத் தோட்டம் காட்டிய மரியாதை அது. நல்ல மரியாதைதான். ஆனால் எனக்குத் தெரிந்து, அவரிடம் போய் யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அந்தப் பழக்கம் என் காலிலேயே இருந்திருக்கிறது. மறுநாளிலிருந்து கடைக்கு முன்னால் வேனை நிறுத்தியதும், இறங்குவதற்கு முன்பே துணையை மாற்றிவிடுவேன். பன்றியை உள்ளே அனுப்பிவிட்டு ஒரு வாத்தை எடுத்துக்கொள்வேன். கோட்டையிலும் வாத்தைத்தான் நிறுத்தினேன். கடையைவிட்டு வேனில் ஏறியதும் மறுபடி பன்றி. ஒருநாளும் மறந்ததில்லை. பெரிய பண்பான காரியம் செய்வதாக எனக்கு நினைப்பு.

அவர் தம் சேகரிப்பை எனக்குக் காட்டுவார். பிராணிகள் எண் வரிசையில் கட்டம் கட்டமாக இருக்கும். அவருடைய கட்டங்கள் பக்கம் பக்கமாக நிரம்பியிருந்தன. ஒரு பக்கத்தில் மட்டும் மூன்று கட்டம் காலி. அந்தச் சின்னப் பன்றியும், அது வளர்ந்து ஆகும் பெரிய உருவங்கள் இரண்டும் இருக்க வேண்டிய இடம். ஒரு வாரக் கடைசியில் அது ஊரெல்லாம் கொட்டிக் கிடந்தது. அன்று அவர் கடையில் வேலைக்கு ஆளில்லை. அவரால் வெளியே போக முடியவில்லை.

"பாருங்க டிரைவரே, பல்லு விழுந்த மாதிரி இருக்கு" என்பார், அந்த மூன்று கட்டத்தின் மேல் விரலை வைத்து. "இது எப்ப நமக்கு மாட்டுமோ."

"வரும் அண்ணே" என்பேன். என்னிடம் அதில் ஆறு இருந்தது. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கைப்பேசியிலும் ஒரு பொத்தானைத் தட்டினால் கைமாறிவிடும். ஒரு நிமிட வேலை. பன்றியை எப்படி அவர் கையில் கொடுப்பது என்று நான் கண்ணைத் தேத்தண்ணி மேல் வைத்துக்கொள்வேன். அவர் வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆகவே அவருக்கு வேண்டாம் என்றே முடிவு கட்டிக்கொண்டேன். இப்போது நினைத்தால், விரலை அந்தக் கட்டத்தின் மேல் வைத்து அத்தனை தடவை காட்டியதைவிட அவர் வேறெப்படிக் கேட்டிருக்க முடியும்?

ஒரு வருடம் போனது. கடைக் கட்டடத்தை விற்கப் போவதாக அதன் சொந்தக்காரர் சொல்லிவிட்டார். கடைக்காரர் ஆயர் தாவாரில் இருக்கும் தம்பியின் கடைக்குப் போவதென்று முடிவானது. போவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது, கூட்டமில்லாத ஒரு காலையில், கல்லாவை விட்டு வந்து என் மேசையில் எதிரே உட்கார்ந்தார். கைப்பேசியை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"போறதுக்கு முன்னால ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க."

கூட்டாளிகளான புதிதில் விளையாட்டிலும் ஒருவரையொருவர் நண்பராகச் சேர்த்திருந்தோம். அது அந்த நண்பர்கள் பட்டியல். அதில் என் பக்கம். என் பக்கத்தில் என் துணை நின்றுகொண்டிருந்தது. வாத்து. நண்பர்களுடைய பக்கத்தைத் திறந்தால் அவர்களோடு அப்போது நடக்கும் துணை தெரியும் என்பது எனக்குத் தெரியாது. நான் யாருடைய பக்கத்தையும் திறந்து பார்த்ததில்லை. அடுத்தவர் வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்ப்பது மாதிரி கூச்சமாக இருக்கும்.

"விடியக்காலையில பாத்தா பன்னி. ராத்திரி பாத்தா பன்னி. என் கடைக்கு வந்தா மட்டும் வாத்து" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். "ஒரு வருசமா பாக்குறேன். ஏன் டிரைவரே?"

நான் கரண்டியை எடுத்துத் தேத்தண்ணியைக் கலக்க ஆரம்பித்தேன்.

"தின்னாத்தான் எங்களுக்கு ஆகாது. போன்ல நடந்தா என்னலா? மொத மொதல்ல உங்க பன்னியத்தானே நான் வெரட்டுனேன்? அன்னிக்கே கேட்டிருக்கலாம்ல, 'அண்ணே, உங்களுக்குப் பரவாயில்லையா'ன்னு."

அப்போது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அம்மா சொன்னது, சாக்கடை, லாலான் புல் எல்லாவற்றையும் சொல்லியிருந்தால் அவர் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். அதற்கப்புறம் என் ஆறு பன்றியில் ஒன்றை அந்த மேசையிலேயே கொடுத்திருப்பேன். நான் சொன்னது இது:

"தெரியல அண்ணே. அதுவா மாறிடுது போல."

அவர் என்னைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. ஒளித்ததற்குக்கூட அவர் வருத்தப்பட்டிருக்க மாட்டார். நேருக்கு நேர் கேட்டும் நான் பொய் சொன்னதுதான் அவருக்கு வலித்தது.

"அதுவா மாறுதா?" என்றார். "சரி. தேத்தண்ணி ஆறுது, குடிங்க."

எழுந்து கல்லாவுக்குப் போய்விட்டார். மீதி ஒரு வாரம் நான் அந்தப் பக்கமே போகவில்லை. தொழிற்சாலைக்கு எதிரே வேறொரு கடையில் குடித்தேன். பிறகு ஒருநாள் போய்ப் பார்த்தேன். இரும்புக் கதவு இறக்கியிருந்தது. கோட்டையில் அவருடைய பிராணி ஒன்று நின்றுகொண்டிருந்தது. அதை அடித்து விரட்ட எனக்குக் கை வரவில்லை. இரண்டு நாளில் வேறு யாரோ விரட்டிவிட்டார்கள்.

நான்கைந்து மாதம் கழித்து ஒரு கல்யாணக் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு ஆயர் தாவார் போகும் வாடகை வந்தது. அவர்களை மண்டபத்தில் இறக்கிவிட்டு, விசாரித்து விசாரித்துத் தம்பி கடையைக் கண்டுபிடித்தேன். எதிர்ச் சாரியில் வேனை நிறுத்தினேன். உள்ளே ஆட்கள் நடமாடுவது தெரிந்தது, முகம் தெரியவில்லை. கைப்பேசியில் அவருடைய பக்கத்தைத் திறந்தேன். பிராணியை மாற்றிக்கொள்ளும் பொத்தான் தூரத்தில் இருந்தால் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடக்கும். இருவரும் நூறு மீட்டருக்குள் இருந்தால்தான் அதற்கு உயிர் வரும். இப்போது அது நிறம் மாறி நின்றது. அவர் உள்ளே இருக்கிறார். அவருடைய விளையாட்டும் திறந்திருக்கிறது.

தட்டினால் போதும், அவருடைய கைப்பேசியில் என் அழைப்பு போய் நிற்கும். வாயைத் திறக்கக்கூட வேண்டாம். எனக்கென்றே செய்து வைத்தது மாதிரி ஒரு பொத்தான். பெருவிரலை அதற்கு மேலே வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியாது. கடைப் பையன் ஒருவன் வெளியே வந்து கையைக் காட்டினான். "அண்ணே, உள்ள வாங்க! சாப்பாடு ரெடி!"

"இல்லப்பா, ஆள எறக்க வந்தேன்" என்று வண்டியை எடுத்துவிட்டேன்.

மண்டபத்துக்குத் திரும்பிய பிறகுதான் புரிந்தது. அந்தப் பொத்தான் எனக்கு நிறம் மாறியிருந்தால் அவருக்கும் மாறியிருக்கும். அவர் என் பக்கத்தைத் திறந்திருந்தால் போதும், நான் வாசல் வரைக்கும் வந்ததும் தெரிந்திருக்கும், உள்ளே வராமல் போனதும் தெரிந்திருக்கும். பின்னால் சுற்றிப் போகிறவனை அவர் இரண்டாம் தடவையும் பார்த்திருப்பார்.

அதற்குப் பிறகு நான் துணையை மாற்றுவதே இல்லை. காலை, பகல், இரவு எப்போதும் பன்றிதான். அவர் திறந்து பார்த்தால் தெரியட்டும் என்று வைத்திருக்கிறேன். தினமும் அவருடைய பக்கத்தையும் திறந்து பார்க்கிறேன். கூச்சம் போய்விட்டது.

போன மாதம் ஒருநாள் திறந்தபோது அவரோடு அந்தச் செம்மஞ்சள் பன்றி நின்றது. ஆயர் தாவாரில் யாரோ கொடுத்திருக்கிறார்கள். அவர் கேட்டிருப்பார், அவர்கள் கொடுத்திருப்பார்கள். ஒரு நிமிட வேலை. கடைக்குள், கல்லாவுக்குப் பக்கத்தில், அது அவரோடு நடந்துகொண்டிருக்கும்.

இந்த விளையாட்டில் நம்மிடம் இருக்கும் பிராணிக்கு நாமே ஒரு பெயர் வைக்கலாம். அவர் அதற்குத் தமிழில் பெயர் வைத்திருந்தார்: டிரைவர்.

மனைவியிடம் காட்டினேன். "பன்னிக்கு உங்க பேரா? நல்லாத் திட்டியிருக்காரு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, அடுப்படியிலிருந்து, "இல்ல, கூப்பிடுறாரோ என்னவோ" என்றாள்.

எது என்று தெரிய வேண்டுமானால் அவரிடம்தான் கேட்க வேண்டும். ஆயர் தாவார் இங்கிருந்து ஒன்றும் தூரமில்லை. சனிக்கிழமைகளில் பாக்டரி வேனுக்கு ஓட்டமும் இல்லை. அதைப் பார்த்த பிறகு மூன்று சனிக்கிழமை போய்விட்டது.