‘ங்க’ போட்டுப் பேசியது

எங்கள் சபையில் பிள்ளைகள் வளர்ந்ததும் திடப்படுத்தல் என்று ஒன்று நடக்கும். கைக்குழந்தையாக ஞானஸ்நானம் பெற்றபோது பெற்றோர் கொடுத்த வாக்கை, பிள்ளையே பேராயர் முன்னால் நின்று தன் வாயால் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் நற்கருணை. அது ஆகாதவர்களுக்குக் கோயிலில் கல்யாணம் நடத்திவைப்பதில்லை. என் மகளுக்குப் பதினெட்டு முடிந்திருந்தது. படிவத்தை அவளைக் கேட்காமலேயே நிரப்பினேன். தடுப்பூசியெல்லாம் கேட்டுவிட்டா போட்டோம்? கையெழுத்துக்கு மட்டும் அவளிடம் நீட்டினேன். வாங்கிப் போட்டாள்.

ஆறு சனிக்கிழமை மாலைகள் வகுப்பு. நான்காவது வாரத்துக்குப் பிறகு, எங்கள் கணபதிப் பகுதியில் காய்கறிக் கடையில் நின்றபோது, பாடகர் குழுவில் இருக்கும் அம்மா ஒருவர் என் பைக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“ஏனுங்க, பாப்பாளுக்கு ஒடம்பு செரியில்லீங்களா? ரண்டு வாரமா கிளாஸுல காணோமுங்களே.”

சளி என்று சொல்லிவிட்டேன். அந்த இரண்டு சனிக்கிழமையும் அவள் வேதாகமத்தைப் பையில் வைத்துக்கொண்டு நேரத்துக்குக் கிளம்பி, நேரத்துக்குத் திரும்பியிருந்தாள்.

கணவர் லேத் பட்டறை வைத்திருக்கிறார். அவரிடம் சொன்னேன். கை கழுவியபடியே சொன்னார்.

“திடப்படுத்துனவங்கள்ல பாதிப் பேரு பிரசங்கத்துல தூங்கறாங்க. இவ முழிச்சுக்கிட்டு எங்கியோ போறா. உடு, கேட்டுக்கலாம்.”

நான் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். முடிவு கைக்கு வரும்முன் எதையும் சொல்லக் கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். மகள் விஷயத்தில் அது எனக்கு உதவியதே இல்லை. அவள் கைக்குழந்தையாக இருந்தபோது, காலை ஷிப்டுக்குப் போகும்முன் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு, தினமும் ஒரே வாக்கியத்தைச் சொல்வேன். “பாப்பாளப் பாத்துக்குங்க.” பஸ் ஏறும்முன் ஒருமுறை திரும்பி வந்து எட்டிப் பார்ப்பேன். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அப்படித்தான்.

அந்தத் திங்கட்கிழமை ஷிப்டு முடிந்து சீக்கிரம் வந்தேன். மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டு அவள் யாரிடமோ பேசுவது மாடிப்படியில் கேட்டது.

“இன்னிக்கு மனசு செரியில்லீங்க. நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாங்க. சும்மா கூட இருங்க, போதும்.”

கால் அங்கேயே நின்றுவிட்டது. வகுப்புக்குப் போகாததற்குக் காரணம் தெரிந்துவிட்டதாக நினைத்தேன். கூடப் படிக்கும் பையனிடம் யாரும் இப்படி ‘ங்க’ போட்டுப் பேச மாட்டார்கள். வயதில் மூத்தவன். முப்பதாவது இருக்கும். கல்யாணம் ஆனவனாகவும் இருக்கலாம். நாலைந்து படிகளுக்குள் அவனுக்கு ஒரு மனைவியையும் இரண்டு குழந்தைகளையும்கூடக் கொடுத்துவிட்டேன்.

மேலே போனேன். கையில் போன் இல்லை. வாயில் ஒரு கிளிப்பைக் கவ்வியிருந்தாள். போன் கீழே சமையலறையில் சார்ஜில் கிடந்ததை வரும்போதே பார்த்திருக்கிறேன். அது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

யாரிடம் பேசினாய் என்று கேட்டேன். கிளிப்பை எடுத்துவிட்டுச் சொன்னாள்.

“ஆண்டவர்கிட்டத்தானுங்கம்மா.”

கோயிலில் நாங்கள் கடவுளை ‘நீர்’ என்போம், ‘உம்மை’ என்போம். வெளியே ஒரு மனிதரையும் அப்படி அழைத்ததில்லை. ‘ங்க’ போடாமல் கறிவேப்பிலைகூடக் கேட்காத ஊர் இது. ஆனாலும் அந்த ‘ங்க’வைக் கடவுளுக்குப் போட்டு நான் கேட்டது அன்றுதான். எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. ஒரு ஆண் என்றால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியும்.

சனிக்கிழமைகளில் எங்கே போகிறாள் என்பதையும் சொன்னாள். காந்திபுரத்தில் சூலூர் பஸ் ஏறி, கடைசி நிறுத்தம்வரை போய், அதே பஸ்ஸில் திரும்பி வருவாளாம். ஜன்னலோரம் உட்கார்ந்தால் ஆண்டவரிடம் பேச வருகிறதாம். கண்டக்டருக்கு முகம் பழகிவிட்டதாம். வகுப்பில் என்ன குறை என்று கேட்டேன். குறை இல்லை என்றாள். பிறகு, துணியை உதறிக்கொண்டே சொன்னாள்.

“பேராயர் கேக்கறதுக்கெல்லாம் ஆமான்னு சொல்லோணும். எனக்குத் தெரியாததுக்கு ஆமான்னு சொல்லிப்போட்டு, அப்புறம் பஸ்ஸுல இவருகிட்ட எப்பிடிங்கம்மா பேசறது?”

மீதித் துணியை இருவரும் சேர்ந்து காயப்போட்டோம்.

படிவத்தைக் கொடுத்தது நான் என்பதால், அவள் பெயரை எடுக்கச் சொல்லி, வகுப்பு நடத்தும் எங்கள் சபை ஆயரிடமும் நானே போனேன். பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, காரணம் என்னவென்று எழுதட்டும் என்று கேட்டார். விசுவாசம் இல்லையா என்று மெதுவாகக் கேட்டார். இருக்கிறது என்றேன். பிறகு என்ன என்றார். கல்யாணத்தை நினைத்தேன். அவளைக் கேட்க வருபவர்கள் முதலில் எதை விசாரிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஆயர் பேனாவை மூடி, பென்சிலை எடுத்து அவள் பெயரின் மேல் ஒரு கோடு போட்டார்.

“அழிச்சுக்கலாமுங்க,” என்றார்.

திடப்படுத்தல் ஞாயிறன்று எங்களோடு அவளும் வந்தாள். நான் வற்புறுத்தவில்லை. அவள் வயதுப் பிள்ளைகள் வெள்ளை உடையில் வரிசையாக நின்று பதில் சொன்னார்கள். அவளுக்கென்று தைத்த வெள்ளை ரவிக்கை பீரோவில் இருந்தது. பாடகர் குழுவிலிருந்து அந்த அம்மா எங்கள் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

நற்கருணைக்கு வரிசை வரிசையாக எழுந்து போக வேண்டும். திடப்படாதவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் வரிசை வந்தது. கணவர் முன்னால் போய்விட்டார். நான் அவளைத் தாண்டித்தான் போக வேண்டும். நின்றேன். அவள் முழங்காலை ஒருபக்கமாக ஒதுக்கிக்கொண்டாள்.

“போங்கம்மா,” என்றாள்.

பீடத்தின் முன் முழங்காலிட்டேன். முப்பது வருடமாக அங்கே சொல்லும் ஜெபம் ஒன்று உண்டு. ‘நீர்’ என்று தொடங்குவது. அது வரவில்லை. பின்னால், காலியான வரிசையில் அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

பாப்பாளப் பாத்துக்குங்க, என்றேன்.